அந்தச் செடியை அம்மா கிள்ளவில்லை

என் மகளே,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நேற்றுக் காலைதான் போனில் பேசினோம். சாப்பிட்டாயா என்று நானும், மாத்திரை போட்டீர்களா என்று நீயும் கேட்டு முடித்துவிட்டோம். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் செய்தது மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால். அதனால், தானா ராத்தாவில் உன் பேச்சை ஏற்பாடு செய்த வாசகர் வட்டத்தார் மாதாமாதம் போடுகிற சிறு இதழிலேயே இது வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் படிப்பவர்கள். பொய்க்கு ஊரே சாட்சியாக இருக்க, உண்மையை மட்டும் ஒட்டிய உறையில் அனுப்புவது நியாயமாகப் படவில்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் உன் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் புரியாது. பல்கலைக்கழகத்தில் தாவரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற என் மகள் பரிணாமம் பற்றிப் பேசப் போகிறாள் என்று நான் இப்போது இருக்கிற பிரிஞ்சாங்கில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் ஒரு வாரமாகச் சொல்லித் திரிந்தேன். சட்டைக்குக் கஞ்சி போட்டு, முன்வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். நீ மேடையேறியதும் எதையும் விளக்கவில்லை. “பரிணாமம்னா என்னான்னு நீங்க நெனைக்கிறீங்க? தப்பா சொன்னாலும் பரவால்ல, சொல்லுங்க” என்று எங்களைக் கேட்டாய். பின்னால் இருந்து ஒரு லாரிக்காரர், “கொரங்கு மனுசனா மாறுனது லா!” என்றார். மண்டபம் சிரித்தது. ஓர் அம்மா, “கீழ இருந்து மேல முன்னேறிப் போறது” என்றார். நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் திரிங்காப்பில் கோஸ் பயிரிடுகிற ஒருவர் எழுந்து, “எங்க கோஸ் புழு மருந்துக்குப் பழகிப் போச்சும்மா. மொதல்ல அடிச்சா செத்துச்சு, இப்ப அதுலயே குளிக்குது. அதுவா?” என்று கேட்டார். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். “கிட்ட வந்துட்டீங்க அங்கிள். ஆனா ஒரு புழுகூட பழகல. மருந்து அடிச்சப்ப கிட்டத்தட்ட எல்லாப் புழுவும் செத்துப் போச்சு. தாங்குற தன்மை பொறப்புலயே இருந்த ஏதோ நாலஞ்சு தப்பிச்சிச்சு. அதுங்க போட்ட முட்டையில வந்ததுக்கும் அந்தத் தன்மை எறங்குச்சு. புழு மாறல. உங்க தோட்டத்துப் புழுக்கூட்டம் மாறிப் போச்சு” என்றாய். விஞ்ஞானிகள் பரிணாமம் என்று சொல்வது இவ்வளவுதான் என்றாய். பெற்றதிடமிருந்து குட்டிக்கு இறங்குகிற தன்மைகளில் எது கூடுகிறது, எது குறைகிறது என்பது ஒரு கூட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டு வருவது. அதில் ஏணி இல்லை, மேல்படி கீழ்படி இல்லை. ஓர் உயிர் தன் ஆயுளில் வாங்கிய அடியும் வெட்டும் அதன் பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. பொதுமக்கள் நினைக்கிற பரிணாமம் வேறு, நாங்கள் சொல்கிற பரிணாமம் வேறு என்று நீ சொன்னபோது, அந்தப் பொதுமக்களில் முதல் ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நம் வீட்டுத் தேயிலைச் செடிக்கு வந்தாய். “பதினோரு வயசுல வீட்டுப் பின்னால ஒரு தேயிலை விதை போட்டேன். வெட்டாம விட்டா அது மரமாகும்னு நிரூபிக்கணும்னு ஆசை. அஞ்சு வருசம் அளந்து நோட்டுல எழுதுனேன். இடுப்புக்கு மேல வளரவே இல்ல. ஏன்னா ஒண்ண நான் நோட்டுல எழுதல. எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. தேயிலையப் பாத்தா அவங்க கை சும்மா இருக்காது. போறப்ப வர்றப்ப கிள்ளி விட்டிருப்பாங்க!” எல்லாரும் சிரித்தார்கள். கேலியான சிரிப்பு இல்லை, தங்கள் வீட்டு அம்மாக்களை நினைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. நீ என்னைப் பார்த்து, “இல்லப்பா?” என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை, சிரித்துக்கொண்டே ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அம்மா கிள்ளவில்லை. ஒரு நாளும் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. வெட்டியது நான்.

உன் சித்தப்பா மகளுக்குத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்திய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. துரைக்கு வருகிற கடிதங்களை நான்தான் படிப்பேன், பதிலும் நான்தான் தட்டச்சு செய்வேன். அந்தத் திமிரில் வாயைத் திறந்தால் மூடமாட்டேன். ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் பாதிக் கட்டுரை படித்திருந்தேன். மீதிப் பாதியை யாரோ வடை மடிக்கக் கிழித்திருந்தார்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன். “தேயிலை ஏன் குட்டையா இருக்கு தெரியுமா? நூறு வருசமா வெட்டி வெட்டி அதோட ரத்தத்துலயே குட்டை ஏறிப் போச்சு. அதான் பரிணாமம். மனுசனும் அப்படித்தான் லா. நாலு தலைமுறையா குனிஞ்சு கொழுந்து பறிச்ச கூட்டம் நாம. பொறக்குற பிள்ளையும் குனிஞ்சுதான் பொறக்கும்.” கிராணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்ட என்னை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து கழற்றிக்கொண்டேன். மலையில் வேலை செய்கிற யாருக்கும் தேயிலை வெட்டாமல் விட்டால் மரமாகும் என்று தெரியும். தெரிந்தும் கிராணி முன்னால் யாரும் வாய் திறக்கவில்லை. நீ திறந்தாய்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, “அப்பா, நாம எல்லாருக்கும் காலங்காலமா காது குத்துறோமே, பாப்பா ஏன் ஓட்டையோட பொறக்கல?” என்று கேட்டாய். கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரிதான் முதலில் சிரித்தார். “அப்படிப் பொறந்துட்டா என் பொழப்பு என்னா ஆவுறது கிராணி ஐயா?” என்றார். அப்புறம் சிரித்த சிரிப்பில், ஊசி படுவதற்கு முன்பே குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. இன்னொரு தகப்பனாக இருந்தால் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பான். எனக்கு முகம் எரிந்தது. “அப்ப ஒரு தேயிலைய நட்டு, வெட்டாம விட்டுப் பாரு. மரமாச்சுன்னா நீ சொன்னது சரி. ஆவலன்னா நான் சொன்னது சரி” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பதினோரு வயதுப் பிள்ளையிடம் பந்தயம் கட்டிய பெரிய மனுஷன் நான்.

பள்ளத்து ஓரத்தில் பறிக்கிற கைக்கு எட்டாத ஒரு கிழட்டுச் செடியிலிருந்து உனக்கு விதை தேடிக் கொடுத்தவள் அம்மா. மூன்றில் ஒன்றுதான் முளைத்தது. நீ ஈப்போ இடைநிலைப்பள்ளிக்குப் போய் அஸ்ராமா விடுதியில் சேர்ந்தபோது அது உன் இடுப்புக்கு வந்துவிட்டது. போகிற அன்று அளந்து, தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். நல்ல செழிப்பான செடி. அடுத்த விடுமுறைக்குள் உன்னைத் தாண்டிவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கோயில் மண்டபத்துச் சிரிப்புதான் காதில் கேட்டது. ஒரு நாள் விடியற்காலையில் ஆபீசுக்குப் போகிற உடுப்போடு, கவாத்துக் கத்தியை எடுத்துப் போய் நுனியை வெட்டினேன். கை கூசவே இல்லை. அதை எழுதும்போதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது. வெட்டியதைப் பொறுக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

அம்மா துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டாள். “பிள்ள வச்ச செடிய ஏங்க வெட்டுறீங்க?” என்றாள். “உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு” என்றேன். அவளுக்குத் தெரியாதாம். காலையில் ஏழு மணிக்கு மலையேறி மாலைவரை தேயிலைக்கு நடுவில் நின்றவளிடம் சொல்கிறேன். அவள் என்னோடு சண்டை போடவில்லை. “நான் பிள்ளைகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க” என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான் ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால் வெட்டினேன். அவள் ஒவ்வொரு முறையும் அந்தச் செடிக்கு எருப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரே வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் செடியை வைத்துச் சத்தமில்லாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு தடவை நீ குனிந்து பார்த்துவிட்டு, “இங்க வெட்டுன மாதிரி இருக்கேப்பா?” என்றாய். “ஆடு கடிச்சிருக்கும்” என்றேன். ஆடு தேயிலையில் வாய் வைக்காது என்று லயத்தில் குடியிருக்கிற தொழிலாளர் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் நோட்டைத் திறந்து, அதே உயரத்தை எழுதிக்கொண்டாய். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்திருக்கிறேன்.

இது ஒரு செடியோடு போயிருந்தால் இத்தனை வருஷம் கழித்து ஊர்முன்னால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். படிவம் நான்கு வகுப்புக்கு எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்க உன் டீச்சர் ஈப்போவிலிருந்து நம் வீட்டுக்கே வந்தார்களே, அந்த மதியத்துக்குத்தான் வருகிறேன். “பிள்ளைக்கு சயின்ஸ்ல நல்ல மார்க் சார். அறிவியல் பிரிவுக்கு அனுப்புங்க. இந்த மாதிரி கேள்வி கேக்குற பிள்ள என் கிளாஸ்ல வேற யாருமில்ல” என்றார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டே, “மார்க் இருக்குலா டீச்சர். ஆனா நாலு தலைமுறையா கொழுந்து பறிச்ச ரத்தம். ஆபீஸ் வேலை வரைக்கும் ஏறும். அதுக்கு மேல ஏறாது. கணக்கெழுதுற பிரிவே போதும்” என்றேன். உன்னை வளரவிடக்கூடாது என்று நான் நினைக்கவில்லை, அதை நம்பு. அந்த முட்டாள்தனத்தை நான் உண்மையாகவே நம்பினேன். அதுவும் இல்லாமல், ஒருவேளை நீ என்னைத் தாண்டிப் போய்விடுவாயோ என்ற பயமும் ஓர் ஓரத்தில் இருந்தது. டீச்சர் உன்னைத் திரும்பிப் பார்த்து, “நீ சொல்லும்மா” என்றார்கள். நீ அந்த நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாய். “அப்பா சொல்றது சரியாத்தான் இருக்கும் டீச்சர். செடியே வளரலயே” என்றாய்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா வெளியே வருவாள், சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “இல்ல டீச்சர், நான்தான் வெட்டினேன்” என்று நாலு வார்த்தை. டீச்சருக்கு முன்னால் அசிங்கப்பட வேண்டியிருக்குமே என்று சும்மா இருந்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்து, காதுகுத்து அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்பு வேறு கேட்டாய். நான் “சரி சரி, போ” என்று பெரிய மனது வைத்து மன்னித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். பிடிக்காத பாடத்தைப் படித்து, பாதி மார்க் வாங்கி, திரிங்காப்பில் பூப் பண்ணையில் கிரிசாந்தமம் கட்டுக் கட்டி, கை வெடித்து நின்றாய். அங்கிருந்துகொண்டே விட்ட பாடங்களைத் திரும்ப எழுதிப் பாஸ் செய்து, உன் வகுப்புப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வயதில்தான் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்தாய். “என் மக விடாப்பிடிக்காரி” என்று அதையும் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். விடாப்பிடி எதற்காகத் தேவைப்பட்டது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நீ அளப்பதை நிறுத்திய பிறகும் நான் செடியை வெட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது வளர்ந்து என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓய்வு பெற்று, கிராணி வீட்டைக் காலி செய்துகொண்டு பிரிஞ்சாங் ஃபிளாட்டுக்கு வந்த வருஷம்வரை வெட்டினேன்.

அம்மா இறந்து போவதற்கு முந்திய வாரம்கூட, நீ தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தபோது, “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். எதை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவளைப் போய், அவள் இல்லாத மண்டபத்தில், கை சும்மா இருக்காதவள் என்று ஊரே சிரிக்க, நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து அவள் படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. படம் இருக்கிற அறைக்கே இரண்டு நாள் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு வாடகை வண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கமே போகாதவன். நம் பழைய வீட்டில் இப்போது நேபாளத்துப் பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்பவர்கள். பின்பக்கம் போக அனுமதி கேட்டேன். போய்ப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கூரைக்கு மேலே போய்விட்டது மகளே. வெள்ளைப் பூவும் காயுமாக நிற்கிறது. அந்தப் பையன்கள் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் மட்டும் அடிமரம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. நான் வருஷாவருஷம் வெட்டிய இடம். அங்கிருந்து நாலைந்து கிளையாகப் பிரிந்து மேலே போயிருக்கிறது. அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதில் ஒரு பையன் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டான். யார் நட்ட மரம் என்று மலாய் மொழியில் கேட்டான். என் மகள் என்றேன். நான் என்ன செய்தேன் என்று அவன் கேட்கவில்லை. அந்த மரத்துக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த வீட்டைக் காலி செய்தது.

மரத்தடியில் கிடந்த விதைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி உனக்குத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீ மேடையில் சொன்னதை இப்போதுதான் கையில் வைத்துப் பார்த்தேன். அடிமரத்தில் அத்தனை வெட்டு, விதையில் ஒன்றுகூட இல்லை. என் கத்தி அதற்குத் தெரியவே தெரியாது. நாலு தலைமுறைக் குனிவு ரத்தத்தில் இறங்கும் என்று நான் சொன்னதும் அப்படித்தான் பொய். உனக்கு இறங்கியது அம்மாவின் பொறுமையாக இருக்கும். என் வெட்டு உன்மேல் பட்ட வெட்டுதான். அது உன் பிறப்பில் இல்லை, என் கையில் இருந்தது. புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் பழக்கதோஷத்தில் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன்னிடம் படிக்கிற பிள்ளை யாராவது உன்னை நாலு பேருக்கு முன்னால் மடக்கினால், ஆசாரி சிரித்த மாதிரி நீயும் சிரித்துவிடு.

இன்னொன்றும் தோன்றுகிறது. அன்று மேடையிலிருந்து “இல்லப்பா?” என்று நீ கேட்டது, ஒருவேளை எல்லாம் தெரிந்துதான் கேட்டாயோ? ஆடு என்று சொன்ன நாளிலேயே உனக்குத் தெரிந்திருக்குமோ? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருந்தால், அதையும் நான் விட்டுவிட்டேன். தெரியாமல் கேட்டிருந்தால் இப்போது தெரிந்துகொண்டாய். எப்படியிருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கதையை நீ இன்னும் பல ஊரில் சொல்வாய். சொல்ல வேண்டிய கதைதான். அடுத்த முறை சொல்லும்போது, அம்மா என்று சொன்ன இடத்தில் அப்பா என்று சொல். முன்வரிசையில்தான் இருப்பேன். என்னைப் பார்த்து “இல்லப்பா?” என்று கேள். அப்போதும் தலையாட்டுகிறேன்.

உன் அப்பா